அணைத்தாரா, போடவே இல்லையா? உக்ரைன் போரும் எலான் மஸ்க்கும்

2025 மார்ச் 9-ஆம் தேதி எலான் மஸ்க் தன் எக்ஸ் பக்கத்தில் ஒரு பதிவு போட்டார். உக்ரைன் ராணுவத்தின் முதுகெலும்பே என்னுடைய ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவைதான், நான் அதை அணைத்துவிட்டால் அவர்களுடைய போர்முனை மொத்தமும் சரிந்துவிடும் என்பது அதன் சாரம். போலந்து வெளியுறவு அமைச்சர் ராடோஸ்வாவ் சிகோர்ஸ்கிக்கு இது பொறுக்கவில்லை. உக்ரைனில் ஓடும் ஸ்டார்லிங்க்குக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடி டாலர் கட்டுவது எங்கள் அரசு. உங்களை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று பதில் எழுதினார். "பேசாமல் இரு, சின்ன மனிதா" என்றார் மஸ்க். நீங்கள் கட்டுவது மொத்தச் செலவில் ஒரு துளி, ஸ்டார்லிங்க்குக்கு மாற்றே கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார். நடுவில் புகுந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ, முதலில் நன்றி சொல்லுங்கள் என்று போலந்துக்குப் புத்திமதி சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, உக்ரைன் கொள்கையில் எனக்கு எவ்வளவு கருத்து வேறுபாடு இருந்தாலும் டிஷ்களை ஒருபோதும் அணைக்க மாட்டேன் என்றும் மஸ்க் எழுதினார்.

நேட்டோ நாடு ஒன்றின் வெளியுறவு அமைச்சரை ஒரு தொழிலதிபர் பொதுவெளியில் இப்படிப் பேசியது பெரிய செய்தியானது. மஸ்க்கின் வாய்த்துடுக்கு பழகிப்போன ஒன்று, அதை விட்டுவிடலாம். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதுதான் ஐரோப்பியத் தலைநகரங்களைத் தூங்கவிடாமல் செய்தது. ஆனால் அன்று எல்லோரும் கேட்ட கேள்வி, அணைப்பாரா மாட்டாரா என்பது. இத்தனை ஆண்டுப் போரைத் திரும்பிப் பார்த்தால் மஸ்க்கின் அதிகாரம் வேறு ஒரு இடத்தில்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது. சேவை எந்த எல்லை வரைக்கும் கிடைக்கும், எங்கே நின்றுவிடும் என்ற வரைபடம் அவர் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதை எந்த நாடாளுமன்றமும் எந்தத் தளபதியும் வரையவில்லை.

ஒரு ட்வீட்டில் தொடங்கிய உறவு

2022 பிப்ரவரி 24 அதிகாலை, ரஷ்யப் படைகள் எல்லையைத் தாண்டுவதற்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஒரு தாக்குதல் நடந்துவிட்டது. வயாசாட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் வழியாக உக்ரைன் ராணுவமும் அரசு அலுவலகங்களும் இணையம் பெற்றுவந்தன. அந்த வலையமைப்பை நிர்வகிக்கும் கணினிகளுக்குள் ஊடுருவி, வாடிக்கையாளர்களின் மோடம்களுக்கு ஒரு கட்டளை அனுப்பப்பட்டது. ஆயிரக்கணக்கான மோடம்கள் நினைவகம் அழிந்து வெறும் பெட்டிகளாயின. போருக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி அறுந்துபோனது. இதைச் செய்தது ரஷ்யாதான் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த மே மாதம் அறிவித்தன.

இரண்டு நாள் கழித்து, உக்ரைனின் துணைப் பிரதமரும் டிஜிட்டல் மாற்றத் துறை அமைச்சருமான மிக்கைலோ ஃபெதோரோவ், அப்போது 31 வயது இளைஞர், மஸ்க்கை நேரடியாகக் குறிப்பிட்டு ஒரு ட்வீட் போட்டார். நீங்கள் செவ்வாய் கிரகத்தில் குடியேறப் பார்க்கிறீர்கள், ரஷ்யா உக்ரைனை ஆக்கிரமிக்கப் பார்க்கிறது, எங்களுக்கு ஸ்டார்லிங்க் கொடுங்கள் என்று கேட்டார். பத்து மணி நேரம் சொச்சத்தில் பதில் வந்தது: சேவை இப்போது உக்ரைனில் இயங்குகிறது, டிஷ்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிப்ரவரி 28-ஆம் தேதி லாரி நிறையப் பெட்டிகள் வந்திறங்கின.

ஸ்டார்லிங்க்கை நடத்தும் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் தலைவர் க்வின் ஷாட்வெல் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழக மேடையில் சொன்ன தகவல் கவனிக்க வேண்டியது. உக்ரைனில் சேவை தருவதற்கான அனுமதிக்கு நிறுவனம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. முறையான கடிதம் வருவதற்குள் போர் வந்துவிட்டது. அமைச்சரின் ட்வீட்டையே அனுமதியாக எடுத்துக்கொண்டோம் என்றார் அவர். அன்றைய அவசரத்தில் அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் ஒரு நாட்டின் போர்க்காலத் தகவல்தொடர்பு, எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தலாம், யார் பணம் கட்டுவது, யார் நிறுத்தலாம் என்ற ஒரு பேச்சும் இல்லாமல் தொடங்கிவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு சண்டையும் இந்த ஓட்டையிலிருந்துதான் முளைத்தது.

வேறு யாராலும் தர முடியாதது என்ன?

பழைய பாணித் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் சுற்றுப்பாதையில் இருக்கின்றன. அந்த வழியாக ஒரு கட்டளை போய் அதற்குப் பதில் வந்து சேர ஏறக்குறைய அரை வினாடி ஆகும். மின்னஞ்சலுக்குப் பரவாயில்லை, பறக்கும் ட்ரோனை வீடியோ பார்த்து ஓட்ட முடியாது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகின்றன. தாமதம் ஒரு வினாடியில் நூறில் சில பங்குதான். ஆனால் இவ்வளவு தாழ்வாக ஓடும் செயற்கைக்கோள் ஒரு ஊரின் வானத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும் என்பதால் ஆயிரக்கணக்கில் வேண்டும். போர் தொடங்கியபோது ஏறக்குறைய 2,000 இருந்தன. 2025-இல் 8,000-ஐத் தாண்டிவிட்டன. இன்று பூமியைச் சுற்றி இயங்கும் செயற்கைக்கோள்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே நிறுவனத்துடையவை. திரும்பத் திரும்பப் பயன்படும் ஃபால்கன் 9 ராக்கெட் மஸ்க்கிடம் இருப்பதால் இது சாத்தியமாயிற்று. போட்டியாளர்களிடம் செயற்கைக்கோள் வடிவமைப்பு இருக்கலாம், அவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மேலே ஏற்றிவிடும் வண்டி இல்லை.

சிக்னலை முடக்குவதும் கடினம். அகலமாக எல்லாத் திசையிலும் பரவும் ரேடியோ அலையை எதிரி எளிதில் குழப்பலாம். ஸ்டார்லிங்க் டிஷ், நகரும் செயற்கைக்கோளை நோக்கிக் குறுகிய கற்றையாக அலையைச் செலுத்துகிறது, சில நிமிடத்தில் அடுத்த செயற்கைக்கோளுக்குத் தாவிவிடுகிறது. ரஷ்யா முயற்சி செய்யாமல் இல்லை. 2022 வசந்தத்தில் ஒரு முடக்கலை ஸ்பேஸ்எக்ஸ் மென்பொருள் மாற்றம் மூலம் மறுநாளே முறியடித்ததைப் பார்த்து, எங்கள் ராணுவத்துக்கு இந்த வேகம் வராது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகனின் அதிகாரி ஒருவரே பொறாமையோடு பேசினார். காரில் சிகரெட் லைட்டர் சொருகும் இடத்திலிருந்தே டிஷ்ஷுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்ற மாற்றமும் போரின் முதல் வாரங்களிலேயே வந்தது. கரண்ட் இல்லாத ஊர்களில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போர்முனையில் இதன் பயன்பாட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. வெடிமருந்தோடு பாயும் சின்ன ட்ரோன்கள் எல்லாம் ஸ்டார்லிங்க்கில் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் சாதாரண ரேடியோவிலோ, அண்மைக் காலமாகக் கண்ணாடி இழையிலோ ஓடுகின்றன. ஸ்டார்லிங்க் இருப்பது அதற்கு ஒரு படி பின்னால். பதுங்குகுழியில் உட்கார்ந்து ட்ரோன் ஓட்டுபவரின் திரையில் தெரியும் காட்சி, அதே கணத்தில் பல கிலோமீட்டர் பின்னால் இருக்கும் தலைமையிடத்துக்கும் பீரங்கிப் படைக்கும் போய்ச் சேருவது ஸ்டார்லிங்க் வழியாக. எதிரியும் நம்மவரும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரே வரைபடத்தில் காட்டும் டெல்டா என்ற உக்ரைன் மென்பொருளும் இந்த இணைப்பில்தான் உயிர்வாழ்கிறது. குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்திச் சுடுவதற்கு முன்பெல்லாம் ஆன நேரம் நிமிடக் கணக்குக்குச் சுருங்கியது. ரஷ்யர்கள் பாபா யாகா என்று அழைக்கும் கனரக இரவு ட்ரோன்களிலும், கருங்கடலில் ஓடும் ஆளில்லாப் படகுகளிலும் மட்டும் டிஷ் நேராகவே பொருத்தப்பட்டது. 2022 வசந்தத்தில் மரியுபோலின் அசோவ்ஸ்டால் உருக்காலையில் சுற்றிவளைக்கப்பட்ட வீரர்கள் வெளியுலகத்தோடு பேசியதும் இதே டிஷ் வழியாகத்தான்.

இனாமா, வாடகையா?

மஸ்க் உக்ரைனுக்கு இலவசமாகக் கொடுத்தார் என்பது பாதி உண்மை. 2022 ஏப்ரலில் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 5,000 டிஷ்களை அனுப்பியதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பகுதி ஸ்பேஸ்எக்ஸ் நன்கொடை, மீதி 1,300 சொச்சம் அரசுப் பணத்தில் வாங்கியவை. போலந்து அரசு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்குப் பணம் கட்டியது. தன்னார்வலர்கள் சந்தா வசூலித்து வாங்கித் தந்தவை, வீரர்கள் சொந்தக் காசில் கடையில் வாங்கியவை என்று ஒரு பெரும் எண்ணிக்கை தனி. மாதச் சேவைக் கட்டணத்தில் பெரும்பங்கைத் தொடக்கத்தில் நிறுவனம் சுமந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2022 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் பெண்டகனுக்கு ஒரு கடிதம் எழுதியது. இனி எங்களால் சுமக்க முடியாது, அந்த ஆண்டின் மிச்சத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல், அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 40 கோடி டாலர் ஆகும், நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டது. அக்டோபர் நடுவில் சிஎன்என் இதை வெளியிட்டதும் கூச்சல் எழுந்தது. அந்த வார இறுதியிலேயே மஸ்க், தொலையட்டும், இலவசமாகவே தொடர்கிறோம் என்று ட்வீட் செய்தார். நிறுவனம் பணம் கேட்டதில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. டாங்கி செய்த நிறுவனங்கள், ஏவுகணை செய்த நிறுவனங்கள் எல்லாம் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தன. கோளாறு வேறு. ஒரு நாட்டின் போர்த் தொடர்பு நீடிக்குமா இல்லையா என்பது ஒரு செய்தியிலும் ஒரு சனிக்கிழமை ட்வீட்டிலும் தீர்மானிக்கப்பட்டது. பெண்டகன் முறையான ஒப்பந்தம் போட்டதை உறுதிப்படுத்தியது 2023 ஜூனில், போர் தொடங்கிப் பதினைந்து மாதங்களுக்குப் பிறகு.

வரைபடத்தின் ஓரத்தில்

ஸ்டார்லிங்க் நிறுவனம் பூமியைச் சின்னச் சின்ன அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. டிஷ் தான் எங்கே இருக்கிறது என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். அந்தக் கட்டத்தில் சேவை திறந்திருந்தால் இணைப்பு கிடைக்கும், மூடியிருந்தால் கிடைக்காது. ரஷ்யா பிடித்து வைத்திருந்த பகுதிகளில் கட்டங்கள் மூடியிருந்தன. ரஷ்யர்கள் பயன்படுத்திவிடக் கூடாது என்ற நோக்கத்தில் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போர்முனை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022 இலையுதிர்காலத்தில் உக்ரைன் படைகள் கார்கிவ், கெர்சோன் பகுதிகளில் வேகமாக முன்னேறியபோது, மீட்ட ஊருக்குள் நுழைந்த இடத்தில் இணைப்பு அறுந்தது. முன்னணியில் போகிறவருக்கும் பின்னால் இருக்கும் தலைமைக்கும் பேச்சு நின்றது. அக்டோபர் தொடக்கத்தில் ஃபைனான்சியல் டைம்ஸ் இதை எழுதியது.

இது வரைபடத்தைப் புதுப்பிக்கத் தாமதமானதால் வந்த கோளாறு என்றே பல காலம் புரிந்துகொள்ளப்பட்டது. 2025 ஜூலையில் ராய்ட்டர்ஸ் வேறு மாதிரி எழுதியது. 2022 செப்டம்பர் இறுதியில் கெர்சோன் உள்ளிட்ட சில பகுதிகளில் சேவையை நிறுத்தும்படி மஸ்க்கே மூத்த பொறியாளர் ஒருவருக்கு உத்தரவிட்டார், குறைந்தது நூறு டிஷ்கள் அணைந்தன, பெரிஸ்லாவ் நகரத்தில் ரஷ்யப் படையைச் சுற்றிவளைக்கும் திட்டம் அதனால் கைகூடவில்லை என்பது அந்தச் செய்தி. விஷயம் அறிந்த மூவரை அது மேற்கோள் காட்டியது. செய்தி துல்லியமற்றது என்று ஸ்பேஸ்எக்ஸ் சொன்னது. கெர்சோன் நகரத்தை உக்ரைன் அந்த நவம்பர் 11-ஆம் தேதி எப்படியும் மீட்டுவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செவஸ்தபோல் விவகாரம் இதைவிடப் பிரபலம். 2014 முதல் ரஷ்யாவின் பிடியில் இருக்கும் கிரிமியாத் தீபகற்பத்தில், அதன் கருங்கடல் கடற்படை நங்கூரமிட்டிருக்கும் துறைமுகம் அது. 2022 செப்டம்பரில் வெடிமருந்து ஏற்றிய ஆளில்லாப் படகுகளை உக்ரைன் அந்தத் திசையில் அனுப்பியது. கிரிமியாக் கரையை நெருங்கியபோது இணைப்பு போய், படகுகள் செயலிழந்தன. ஒரு படகு செவஸ்தபோல் அருகே கரையொதுங்கிய படம் அந்த மாதமே வெளிவந்தது. ஓராண்டு கழித்து மஸ்க்கின் வாழ்க்கை வரலாறு வெளியானபோது, தாக்குதலின்போது மஸ்க்தான் ரகசியமாகச் சேவையை அணைக்கச் சொன்னார் என்று அதில் இருந்தது. மஸ்க் உடனே மறுத்தார். அங்கே சேவை முதலிலிருந்தே திறக்கப்படவில்லை, செவஸ்தபோல் வரை திறக்கச் சொல்லி உக்ரைன் அரசு அவசரமாகக் கேட்டது, நான் ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு பெரிய போர்ச் செயலில் ஸ்பேஸ்எக்ஸ் வெளிப்படையாக உடந்தையாகியிருக்கும் என்றார். நூலாசிரியரும் தான் எழுதியதைத் திருத்திக்கொண்டார்.

அதன்பின் மஸ்க்கின் ஆதரவாளர்கள், பார்த்தீர்களா, அவர் எதையும் அணைக்கவில்லை என்றார்கள். அணைக்கவில்லை, சரி. ஆனால் அவர் சொல்லும் கதையையே அப்படியே எடுத்துக்கொண்டாலும் நடந்தது என்ன? ஒரு நாடு தன் எதிரியின் கடற்படையைத் தாக்கத் திட்டமிடுகிறது. அதற்கு ஒரு தனியாரிடம் இரவோடிரவாக அனுமதி கேட்கிறது. அவர் யோசித்துப் பார்த்து, இது மூன்றாம் உலகப் போருக்கு வழிவகுக்கும் என்று முடிவுசெய்து மறுக்கிறார். படகில் இருந்த டிஷ்ஷுக்கு, போய்விட்ட இணைப்பும் தராத இணைப்பும் ஒன்றுதான்.

மஸ்க்கின் பக்கத்தில் வாதம் இல்லாமல் இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் அணுகுண்டு அச்சம் அவருக்கு மட்டும் வந்த ஒன்றல்ல. வெள்ளை மாளிகையும் அதைக் கணக்கில் எடுத்தது. நீண்டதூரம் பாயும் அட்டாக்கம்ஸ் ஏவுகணைகளைத் தர பைடன் அரசு 2023 அக்டோபர் வரை இழுத்தடித்தது, அவற்றை ரஷ்ய மண்ணுக்குள் ஏவ 2024 நவம்பர் வரை அனுமதிக்கவில்லை. கிரிமியா மீது அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளும் இருந்தன. வீட்டில் படம் பார்க்கவும் பள்ளிப்பாடம் படிக்கவும் உருவாக்கிய சேவையை வெடிபடகில் கட்டுகிறார்கள் என்று ஒரு நிறுவனம் தயங்குவதும் இயல்புதான். 2023 பிப்ரவரியில் ஷாட்வெல், இதை ஆயுதமாக்க நாங்கள் ஒருபோதும் நினைத்ததில்லை, ட்ரோன்களுக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியிருக்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஆனால் பைடன் தவறாக முடிவெடுத்தால் அமெரிக்க நாடாளுமன்றம் கேட்கும், பத்திரிகை கேட்கும், வாக்காளர் கேட்பார். 2022-இல் மஸ்க்கைக் கேட்கும் இடம் எதுவும் இல்லை. டாங்கி ஒரு முறை கைமாறிவிட்டால் அது எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதில் அதை உருவாக்கிய தொழிற்சாலை முதலாளிக்குப் பங்கு கிடையாது. மாதச் சந்தாவில் ஓடும் சேவையில் ஒவ்வொரு நாளும் பங்கு உண்டு.

உக்ரைன் இந்தப் பாடத்தைச் சீக்கிரம் கற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி செவஸ்தபோல் துறைமுகத்தைப் படகுகளாலும் ட்ரோன்களாலும் தாக்கியது. ஒரே இணைப்பை நம்பியிருக்காதபடி படகுகள் மாறின. 2024 பிப்ரவரியில் இவனோவெத்ஸ், சீசர் குனிகோவ் என்ற இரண்டு ரஷ்யப் போர்க்கப்பல்கள் ஆளில்லாப் படகுகளால் மூழ்கடிக்கப்பட்டன.

சமாதானத் தூதரும் தேர்தல் நிதியாளரும்

2022 அக்டோபர் 3-ஆம் தேதி மஸ்க் ட்விட்டரில் ஒரு வாக்கெடுப்பு வைத்தார். ரஷ்யா இணைத்துக்கொண்ட பகுதிகளில் ஐநா மேற்பார்வையில் மறுபடி வாக்கெடுப்பு, கிரிமியா முறைப்படி ரஷ்யாவுக்கு, உக்ரைன் நடுநிலை நாடு. இதுதான் அவருடைய சமாதானத் திட்டம். ஜெர்மனியில் இருந்த உக்ரைன் தூதர், தொலைந்து போ என்ற பொருளில், அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையில் பதில் சொன்னார். உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி, உங்களுக்கு எந்த மஸ்க்கைப் பிடிக்கும், உக்ரைனை ஆதரிப்பவரையா ரஷ்யாவை ஆதரிப்பவரையா என்று பதிலுக்கு ஒரு வாக்கெடுப்பு வைத்தார். சில நாள் கழித்துப் பணப் பிரச்சினை வெடித்தபோது, தூதர் சொன்ன யோசனையைத்தான் பின்பற்றுகிறோம் என்று மஸ்க் நக்கலடித்தார். பெரிய மனிதர்களின் சில்லறைச் சண்டை என்று சிரித்துவிட்டுப் போகலாம், அந்த நேரத்தில் கெர்சோனுக்கு வெளியே இணைப்புக்காகக் காத்திருந்தவர்கள் இல்லாதிருந்தால்.

புதினுடன் மஸ்க் பேசிவருகிறார் என்ற பேச்சும் அப்போதே எழுந்தது. மஸ்க் மறுத்தார். 2022 இறுதியிலிருந்து இருவரும் தொடர்பில் இருக்கிறார்கள் என்று 2024 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அடுத்த மாதம் டிரம்ப் ஜெயித்தார். அவர் வெற்றிக்காக மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தார். தேர்தல் முடிந்த கையோடு டிரம்ப்பும் செலென்ஸ்கியும் தொலைபேசியில் பேசியபோது அதே அழைப்பில் மஸ்க்கும் இருந்தார். 2025 பிப்ரவரியில் கனிம வள ஒப்பந்தத்தில் கையெழுத்திட உக்ரைனை நெருக்கும்போது ஸ்டார்லிங்க்கை நிறுத்துவது பற்றி அமெரிக்கத் தரப்பு பேசியதாக ராய்ட்டர்ஸ் சொன்னது. அதையும் மஸ்க் பொய் என்றார். 5,000 டிஷ்களை அனுப்பிய யுஎஸ்எய்ட் நிறுவனத்தை, அரசுச் செலவைக் குறைக்கிறேன் என்று வந்த அதே மஸ்க் முன்னின்று கலைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

2022-இல் மஸ்க்கைப் பற்றிய கவலை, அரசுக்கு வெளியே ஒருவரிடம் அரசுக்குரிய அதிகாரம் சேர்ந்துவிட்டதே என்பது. 2025-இல் அவரே அரசுக்குள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மே இறுதியில் அரசை விட்டு விலகி, ஜூன் மாதம் டிரம்ப்போடு மனக்கசப்பு வந்தபோது, ஸ்பேஸ்எக்ஸின் அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்வேன் என்று டிரம்ப் மிரட்டினார். உக்ரைனின் பதுங்குகுழி இணையம், வாஷிங்டனில் இரண்டு பேரின் நட்பு எப்படி இருக்கிறது என்பதோடு கட்டிப்போடப்பட்டிருந்தது.

எதிரியின் கூரையிலும் அதே டிஷ்

ரஷ்யாவில் ஸ்டார்லிங்க் விற்பனை கிடையாது. ஆனால் இடைத்தரகர்கள் மூலம், மூன்றாம் நாடுகளில் வாங்கி, ரஷ்யப் படைகள் பயன்படுத்துவதாக 2024 பிப்ரவரியில் உக்ரைன் ராணுவ உளவுத்துறை சொன்னது. நேரடியாகவோ மறைமுகமாகவோ நாங்கள் விற்கவில்லை என்றார் மஸ்க். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் தொழில்நுட்பத்தில் இருந்தது. ரஷ்யா பிடித்த பகுதியின் கட்டங்களை மூடினால், அங்கே பறக்கும் உக்ரைன் ட்ரோனும் குருடாகும். திறந்தால், அருகே இருக்கும் ரஷ்ய டிஷ்ஷும் உயிர்பெறும். இரு தரப்பும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும்போது கட்டம் கட்டமாகப் பிரிப்பதால் பயனில்லை.

2026 தொடக்கத்தில் ரஷ்யா தன் நீண்டதூரத் தாக்குதல் ட்ரோன்களிலேயே ஸ்டார்லிங்க் டிஷ்ஷைப் பொருத்தி, நேரலைக் காட்சி பார்த்தபடி இலக்கை நோக்கி ஓட்டத் தொடங்கியபோது இது தாங்க முடியாத நிலைக்குப் போனது. ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சராகியிருந்தவர், அன்று ட்வீட் போட்ட அதே ஃபெதோரோவ். அவர் ஸ்பேஸ்எக்ஸோடு பேசி ஒரு வழி கண்டார். இடத்தை வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, டிஷ்ஷை வைத்துப் பிரிப்பது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் நகரும் டிஷ்கள் முதலில் தடுக்கப்பட்டன. அப்புறம் உக்ரைன் அரசிடம் பதிவு செய்த டிஷ்கள் மட்டுமே அந்த நாட்டுக்குள் இயங்கும் என்று ஆக்கப்பட்டது. பொதுமக்களும் தம் டிஷ்களை அரசு சேவை மையங்களில் போய்ப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் ரஷ்யப் பக்கத்தில் இணைப்புகள் அறுந்தன, ரஷ்யப் போர் வலைப்பதிவர்களே புலம்பினார்கள். எடுத்த நடவடிக்கை பலித்ததுபோலத் தெரிகிறது என்று மஸ்க் எழுதினார்.

எனக்கு இது நல்ல செய்தியும் கொஞ்சம் எரிச்சலூட்டும் செய்தியும். சில நாட்களில் செய்து முடிக்க முடிந்த ஒன்றுக்காக உக்ரைன் இரண்டு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறது. ஆனால் சேவை யாருக்கு என்ற பட்டியலை வாடிக்கையாளர் நாடு தயாரித்து நிறுவனம் நடைமுறைப்படுத்திய ஏற்பாடு இது.

யாரும் எதையும் அணைக்காமலே இருள் வரலாம் என்பதும் தெரிந்துவிட்டது. 2025 ஜூலை 24-ஆம் தேதி நிறுவனத்தின் உள் மென்பொருள் கோளாறால் உலகம் முழுவதும் ஸ்டார்லிங்க் இரண்டரை மணி நேரம் நின்றது. போர்முனை நெடுகிலும் இணைப்பு இல்லை என்று உக்ரைன் ட்ரோன் படைத் தளபதி ராபர்ட் ப்ரோவ்தி அறிவித்தார்.

மற்ற நாடுகளும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. தைவான், தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வெளிநாட்டார் பங்கு 49 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற தன் சட்டத்தைத் தளர்த்தாமல், ஸ்டார்லிங்க்குக்குப் போட்டியான ஐரோப்பியச் செயற்கைக்கோள் நிறுவனம் யூடெல்சாட் ஒன்வெப் பக்கம் போனது. தைவானைச் சீனாவின் சிறப்பு நிர்வாகப் பகுதியாக்கலாம் என்று மஸ்க் 2022-இல் பேட்டி கொடுத்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் உரிமம் தருவதற்கு முன்பே, 2024 டிசம்பரில் மணிப்பூரில் பிடிபட்ட ஆயுதங்களோடு ஸ்டார்லிங்க் முத்திரையுள்ள கருவி ஒன்றும் கிடைத்தது. இந்தியாவுக்கு மேல் கற்றைகளை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம் என்று மஸ்க் பதில் சொன்னார். 2025 ஜூனில் உரிமம் கொடுத்தபோது, தரை நிலையம் உள்நாட்டிலேயே இருக்க வேண்டும், சண்டைக்காலத்தில் குறிப்பிட்ட பகுதிகளில் சேவையை நிறுத்த அரசுக்கு வசதி வேண்டும் என்பவை நிபந்தனைகளில் இருந்தன. உக்ரைனுக்கு 2022-இல் நிபந்தனை பேச நேரம் இருக்கவில்லை.

மாற்றுக்கு வழி இருக்கிறதா என்றால், காகிதத்தில் இருக்கிறது. ஒன்வெப்பிடம் 650 செயற்கைக்கோள்கள் உள்ளன, சுமார் 1,200 கிலோமீட்டர் உயரத்தில். ஜெர்மனி பணம் கட்டி அதை உக்ரைனில் ஓட்டிப் பார்த்தது. 2025 ஏப்ரலில் அங்கே டிஷ் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 290 செயற்கைக்கோள்கள் கொண்ட ஐரிஸ் ஸ்கொயர் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் 1,060 கோடி யூரோ மதிப்பில் ஒப்பந்தம் போட்டது. அது முழுதாக இயங்க 2030 வரையாவது ஆகும். 2025-இல் உக்ரைனில் ஓடிய ஸ்டார்லிங்க் டிஷ்கள் ஏறக்குறைய ஐம்பதாயிரம். அன்று சமூக வலைத்தளத்தில் திட்டு வாங்கிய சிகோர்ஸ்கியின் அரசும் அவற்றுக்கான கட்டணத்தை நிறுத்திவிடவில்லை.